நோயாளிகள் இருக்கும்போதே மருத்துவமனைக்குள் கட்டுமான வேலை

எந்தச் சுவரை இடிக்கப் போகிறோம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார் என்று கேளுங்கள். பக்கத்து அறையோடு இந்தக் கேள்வி முடிந்துவிடாது. ஓர் அறைக்கு ஆறு பக்கம்: நான்கு சுவர், தலைக்கு மேலே ஒரு தளம், காலுக்குக் கீழே ஒரு தளம். ஆறிலும் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் யார் இருப்பார் என்று எழுதி முடித்த பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும். வார்டைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள் என்பதால் நிம்மதி அடையவும் முடியாது. அதன் சீலிங்குக்கு மேல் ஓடும் ஆக்சிஜன் குழாய் அடுத்த வார்டுக்குப் போகிறது. அதன் டக்ட், அதாவது ஏசி காற்று போகும் குழாய், மூன்று அறைகளுக்கு அப்பால் மூச்சு விடுகிறது. அதன் தண்ணீர்க் குழாய் கீழ்த்தளத்து டயாலிசிஸ் பிரிவையும் தொட்டுக்கொண்டு போகலாம்.

ஆறு பக்கச் சுற்று

இந்தச் சுற்றை மேஜையில் உட்கார்ந்து முடிக்காதீர்கள். சைட் இன்ஜினியர், மருத்துவமனையின் பராமரிப்பு இன்ஜினியர், இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ், அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர், எலெக்ட்ரிகல் ஆள், தீயணைப்புப் பொறுப்பாளர் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும். சிஸ்டரை விட்டுவிட்டுப் போகிற சுற்று பாதிச் சுற்றுதான். இந்த லிஃப்டில்தான் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் போகும், இந்தக் கதவு இரவில் பூட்டியிருக்கும், கடைசி இரண்டு படுக்கையில் எப்போதும் வென்டிலேட்டர் நோயாளிகள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. அவருக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நோயாளிகளின் நிலை, காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அறையின் அழுத்தம் நேர்மறையா (காற்றை வெளியே தள்ளுகிறதா) எதிர்மறையா (உள்ளே இழுக்கிறதா), எந்தக் குழாய்களும் கேபிள்களும் குறுக்கே போகின்றன, அதிர்வையோ சத்தத்தையோ தாங்காத கருவி ஏதும் உண்டா, தீ விபத்து என்றால் அங்குள்ளவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள்.

இதை வைத்து வேலையின் அபாய வகுப்பை முடிவு செய்வார்கள். பல நாடுகளில் பழக்கத்தில் இருப்பது ஐக்ரா எனப்படும் தொற்று அபாய மதிப்பீடு. ஒரு பக்கம் வேலையின் வகை: சீலிங் டைலைத் தூக்கிப் பார்ப்பது முதல் முழு இடிப்பு வரை ஏ, பி, சி, டி என நான்கு. இன்னொரு பக்கம் நோயாளிகளின் அபாயம்: அலுவலகப் பகுதி முதல் எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு வரை நான்கு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை கடுமையான தடுப்பு வேண்டும் என்பது வரும். பழைய பட்டியலில் அது நான்கு வகுப்பு. 2022இல் வந்த ஐக்ரா 2.0இல் ஐந்து. பட்டியலைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. ஆறு பக்கத்தில் எது அதிக அபாயமோ, அதை வைத்தே வகுப்பைத் தீர்மானியுங்கள். வேலை நடப்பது ஒரு ஸ்டோர் அறையாக இருக்கலாம். அதற்கு நேர் மேலே புற்றுநோய் வார்டு இருந்து, நடுவில் தளங்களைத் துளைத்து மேலேறும் ஒரு திறந்த ஷாஃப்ட் போனால், அந்த ஸ்டோர் அறை வேலையும் புற்றுநோய் வார்டு வேலைதான்.

தூசிக்கு ஏன் இத்தனை பயம்

அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை எல்லா இடத்திலும் இருக்கிறது. பழைய சீலிங்குக்கு மேல் படிந்த தூசியிலும், ஒருமுறை நனைந்து காய்ந்த ஜிப்சம் போர்டின் பின்பக்கத்திலும், குழாய்க்குச் சுற்றிய பழைய இன்சுலேஷனிலும் அதன் வித்துகள் நிறைய இருக்கும். ஒரு வித்தின் குறுக்களவு 2 முதல் 4 மைக்ரான் வரைதான். அந்த அளவில் அது நுரையீரலின் அடிவரை போகும். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்கள் தினமும் இதைச் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் விழுந்துபோனவருக்கும், உறுப்பு மாற்றியவருக்கும் அதே வித்து நுரையீரலில் வளர்ந்து உயிரை எடுக்கும். தொற்று வெளியே தெரிய நாட்கள் ஆகும் என்பதால், அதற்குள் இடித்தவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற தூசியை வைத்து வேலையை மதிப்பிடக் கூடாது.

அத்தகைய நோயாளிகள் பக்கத்தில் இருந்தால், முதலில் அவர்களை வேறு தளத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தடுப்பு கட்டுவதெல்லாம் அதற்கு அடுத்த தெரிவு.

தடுப்பு கட்டும் முறை

ஓரிரு நாள் வேலைக்கு 150 மைக்ரான் தடிமனுள்ள, எளிதில் தீப்பிடிக்காத வகைப் பாலித்தீன் ஷீட் போதும். அதற்கு மேல் என்றால் ஜிப்சம் போர்டு சுவர் கட்டிவிடுங்கள். தரையிலிருந்து பால்ஸ் சீலிங் வரை கட்டிவிட்டு நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சீலிங்குக்கு மேலே இரண்டு அறையும் ஒரே வெளி. தூசி அந்த வழியே தாராளமாகப் போகும். மேல் ஸ்லாப்பின் அடிப்பாகத்தைத் தொடும்வரை தடுப்பு எழும்ப வேண்டும். குழாயும் கேபிள் ட்ரேயும் அதைத் துளைத்துப் போகும் இடங்களில் சுற்றிலும் சீலன்ட் அடைக்க வேண்டும். கேபிள் ட்ரேக்குள் கேபிள்களுக்கு இடையே உள்ள சந்துகளையும் மறக்காதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. வேலை இடத்தின் ஏசி சப்ளை, ரிட்டர்ன் கிரில் இரண்டையும் அடைத்து, டக்டில் டேம்பர் (காற்றைத் தடுக்கும் மடல்) இருந்தால் மூடுங்கள். ரிட்டர்ன் திறந்திருந்தால் உங்கள் தூசியை ஏஹெச்யூ (ஏசி காற்றை இழுத்து எல்லா அறைக்கும் அனுப்பும் இயந்திரம்) தானாகவே வாங்கிப் பக்கத்து அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு பகுதியை அடைத்ததும் மற்ற அறைகளின் காற்றளவு மாறும் என்பதால், ஏசி இன்ஜினியர் அவற்றையும் அன்றே அளந்து பார்க்க வேண்டும்.
2. தடுப்பைக் கட்டுங்கள். கட்டும் வேலையே தூசி கிளப்பும். ஸ்லாப்பில் துளை போடும்போது டிரில்லோடு ஹெபா (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) வைத்த வேக்குவம் இணைந்திருக்க வேண்டும்.
3. நுழைவாயிலில் ஒரு முன்னறை அமையுங்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காத அளவுக்கு நீளம் வேண்டும். கழிவு வண்டி முழுதாக உள்ளே நிற்கிற நீளம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.
4. ஹெபா வடிகட்டி உள்ள காற்றிழுப்பு இயந்திரத்தை ஓடவிட்டு, எதிர்மறை அழுத்தம் நிலைத்ததைப் பார்த்த பிறகே இடிப்பைத் தொடங்குங்கள்.

இயந்திரத்தின் கணக்கை ஊகத்தில் விடாதீர்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள அறை. தடுப்பு ஸ்லாப் வரை போவதால் உயரம் சீலிங் வரையிலான 3 மீட்டர் அல்ல, 4 மீட்டர். கொள்ளளவு 120 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டுமென்றால் 1,440 கன மீட்டர் தேவை. 1,000 என்று எழுதிய இயந்திரம் இரண்டு வைத்தால் போதும் என்று தோன்றும். முன்வடிகட்டியில் சிமென்ட் தூசி அடைந்த பிறகு அது மூன்றில் இரண்டு பங்காக இறங்கும் என்று வைத்துப் பாருங்கள்: இரண்டும் சேர்ந்து சுமார் 1,330தான். மூன்றாவது வேண்டும். அது ஒன்று நின்றுபோனால் தாங்குவதற்கும் உதவும்.

ஹெபா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி. வெளியேற்றும் காற்றை ஜன்னல் வழியே கட்டடத்துக்கு வெளியே விடுவது நல்லது. ஏஹெச்யூ வெளிக்காற்று இழுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி. மருத்துவமனையின் ரிட்டர்ன் டக்டில் மட்டும் ஒருபோதும் செருகாதீர்கள்.

வேலை இடத்தின் அழுத்தம் வார்டைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் கீழே இருக்க வேண்டும். 5 முதல் 10 வரை வைத்தால் கதவு திறந்து மூடும்போதும் தாங்கும். அதற்கும் மேலே போனால் பாலித்தீன் உள்ளே வளைந்து டேப் பிய்யும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அறையை முழுக்க அடைத்துவிட்டால் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், ஆனால் இயந்திரத்துக்கு இழுக்கக் காற்றே இருக்காது. தூசி அறையிலேயே சுற்றும். ஆகவே இயந்திரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், வடிகட்டி வைத்த ஒரு சிறு காற்று வழி விடுங்கள். காற்று வேலை இடத்தைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும்.

மானோமீட்டரை வார்டு பக்கச் சுவரில், நர்ஸ் கண்ணில் படும்படி மாட்டி, அதன் கீழே கூப்பிட வேண்டிய எண்ணை எழுதி வையுங்கள். கதவின் மேற்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய டிஷ்யூ காகித நாடா ஒன்றை ஒட்டித் தொங்கவிட்டால், படிப்பறிவோ பயிற்சியோ தேவையில்லாமல் எல்லோரும் வாசிக்கும் கருவி அது. கதவிடுக்கில் நாடா உள்ளே சாய்ந்து படபடத்தால் நல்லது. நேராகத் தொங்கினால் இயந்திரம் நின்றிருக்கிறது, அல்லது முன்வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளியே சாய்ந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள்.

இயந்திரம் இரவும் விடுமுறையும் உட்பட 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது, கிரைண்டருக்காகப் பிளக்கைப் பிடுங்குவது, இவை இரண்டாலும்தான் பெரும்பாலான தடுப்புகள் தோற்கின்றன. இயந்திரத்துக்குத் தனி சர்க்யூட் கொடுத்து, பிளக்கைக் கழற்ற முடியாதபடி மூடி போடுங்கள்.

பக்கத்தில் காசநோய் தனிமை அறை இருந்தால் இன்னொரு யோசனை தேவை. அதுவும் எதிர்மறை அழுத்த அறை. உங்கள் இழுப்பு அதைவிட வலுவாக இருந்தால் அந்த அறையின் காற்று உங்கள் ஆட்களின் மீது வரும். நடுச்சுவரை அடைத்து, இரண்டு அழுத்தத்தையும் ஒன்றாக அளந்து சரிசெய்யுங்கள்.

சீலிங்கைத் திறப்பது

ஒரு கேபிள் இழுப்பதற்காக ஒரே ஒரு சீலிங் டைலைத் தூக்குவது மிகச் சின்ன வேலை போலத் தெரியும். பத்து வருடத் தூசி அந்த டைலின் முதுகில்தான் இருக்கிறது. நோயாளிகள் நடமாடும் தாழ்வாரத்தில் இதற்கென்றே சக்கரம் வைத்த கூண்டு பயன்படுத்துவார்கள்: ஏணி உள்ளே நிற்கும் அளவில் நான்கு பக்கம் ஷீட், மேல் விளிம்பு சீலிங்கோடு ஒட்டும், உள்ளே ஹெபா வேக்குவம் ஓடும். டைலை அப்படியே கிடையாகத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சாய்த்தால் தூசி முகத்தில் கொட்டும். வெளியே வருமுன் டைலின் மேற்புறம், ஏணி, உடை எல்லாவற்றையும் வேக்குவம் செய்யுங்கள். சீலிங் திறப்புக்குத் தனி பர்மிட் வைத்து, நெட்வொர்க் கேபிள் ஆட்களுக்கும் கேமரா மாட்ட வருபவர்களுக்கும் அதே விதியைக் கட்டாயமாக்குங்கள். கட்டுமானக் குழுவைவிட இவர்கள்தான் கேட்காமல் திறப்பார்கள்.

ஆட்கள், பொருள், கழிவு

நோயாளிகளின் வழியும் வேலையாட்களின் வழியும் எங்கும் குறுக்கிடாமல் இருந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் நேரத்தால் பிரியுங்கள். ஒரு லிஃப்டை உங்களுக்கென ஒதுக்கி வாங்குங்கள். ஸ்டெரைல் கருவிகளும் உணவும் போகிற லிஃப்டாக அது இருக்கக் கூடாது. கழிவு, மூடி போட்ட வண்டியில், முன்னறையில் சக்கரம் உட்பட ஈரத்துணியால் துடைத்த பிறகே வெளியே வர வேண்டும். காலடித் தூசியைப் பிடிக்க வாசலில் விரிக்கும் ஒட்டும் பாய் கறுத்துப்போனால் அது அழுக்கைப் பரப்பும் பாய். ஒரு ஷிஃப்டுக்குப் பலமுறை மேல்தாளை உரிக்க வேண்டியிருக்கும். முன்னறைக்கு வெளியே ஒருவரது காலடித் தடம் தெரிந்தாலும் அன்றைய ஏற்பாடு தோற்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜனும் மற்ற வாயுக்களும்

இந்த வேலையில் ஒரு தவறுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. படுக்கைத் தலைமாட்டில் உள்ள அவுட்லெட்டுகள் ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வடிவம். ஆக்சிஜன் பிளக் காற்று அவுட்லெட்டில் நுழையாது. ஆனால் சுவருக்குப் பின்னால் எல்லாமே ஒரே மாதிரிச் செம்புக் குழாய்தான். அடையாள ஸ்டிக்கர் வெட்டி எடுத்த துண்டோடு போய்விட்டால், மிஞ்சிய இரண்டு முனைகளில் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

முதலில் அந்தப் பகுதியின் வால்வு எந்தெந்த அவுட்லெட்டைக் கட்டுப்படுத்துகிறது என்று நேரில் தொட்டுப் பட்டியல் எடுங்கள். வால்வுப் பெட்டியில் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். பிறகு பர்மிட்: வாயுக் குழாய்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர், வார்டு சிஸ்டர், மயக்கவியல் மருத்துவர் மூவரும் மூடும் நேரத்தையும் திறக்கும் நேரத்தையும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்.

மாற்று சிலிண்டரின் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் எடுக்கும் நோயாளிக்கு 4 மணி நேரத்துக்கு 1,200 லிட்டர். அப்படி 12 பேர் என்றால் 14,400 லிட்டர். ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும் ஒரே நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்கே 3,600 லிட்டர். வேலை நினைத்ததைவிட இழுக்கும் என்பதால் பாதியளவு கூடுதலாக வையுங்கள். உறிஞ்சு வேக்குவம் லைனும் அடைபடுகிறது என்றால் ஒவ்வொரு படுக்கைக்கும் தனி சக்ஷன் இயந்திரம் வேண்டும்; இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

எல்லோரும் சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள் என்று சிஸ்டர் வாயால் சொன்ன பிறகே வால்வை மூடுங்கள். மூடியதும் பட்டியலில் உள்ள அவுட்லெட்டுகள் மட்டும் அழுத்தம் இழக்கின்றனவா, பக்கத்து வார்டு வழக்கமான சுமார் 4 பாரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். வேறெங்காவது அலாரம் அடித்தால் உடனே திறந்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள்.

குழாய், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி முனை மூடி வந்ததாக இருக்க வேண்டும். இணைப்பு மென்சால்டர் அல்ல, அதைவிட அதிகச் சூட்டில் பற்றவைக்கும் பிரேசிங். பற்றவைக்கும் நேரம் முழுவதும் உள்ளே மெல்லிதாக நைட்ரஜன் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் சூட்டில் உட்சுவரில் கருப்பு ஆக்சைடு செதில் உண்டாகும்; பிறகு உதிர்ந்து வென்டிலேட்டரின் வடிகட்டியை அடைக்கும். சரியாகச் செய்த இணைப்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு நிறம் அப்படியே மின்னும். ஒவ்வொரு ஃபிட்டரிடமும் வேலை தொடங்குமுன் ஒரு மாதிரி இணைப்பு வாங்கி, நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்.

பிறகு சோதனைகள். அழுத்தச் சோதனை முடிந்ததும் குறுக்கு இணைப்புச் சோதனை: எல்லா லைனையும் காலி செய்து, ஒரே ஒரு வாயு லைனில் மட்டும் அழுத்தம் ஏற்றி, எல்லா வாயுக்களின் எல்லா அவுட்லெட்டையும் திறந்து பார்க்க வேண்டும். அதன் சொந்த அவுட்லெட்டுகளில் மட்டும் வர வேண்டும். இப்படி ஒவ்வொரு வாயுவுக்கும். அடுத்து துகள் போகும்வரை வெளியேற்றி, கடைசியாக அனலைசர் வைத்து ஒவ்வொரு அவுட்லெட்டிலும் என்ன வாயு வருகிறது என்று அளக்க வேண்டும். மருத்துவக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆக்சிஜன் லைனில் எதிர்பார்த்த எண் வராமல் குறைந்து நின்றால், பிரேசிங் நைட்ரஜன் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். நோயாளியை மூச்சடைக்க வைப்பது அதுதான். பத்தில் ஒன்பது அவுட்லெட் சரி என்றால் பத்தாவதும் சரியாக இருக்கும் என்று விடாதீர்கள். லைனின் கடைக்கோடி அவுட்லெட்டில்தான் நைட்ரஜன் தங்கும்.

தண்ணீர்

குழாயை மூடித் திறப்பதே ஒரு தொந்தரவுதான். திடீர் அழுத்தத்தில் உட்சுவரில் ஒட்டியிருக்கும் படலம் உரிந்து குழாய்க்கு வரும்; கடும் நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா குடியிருப்பது அந்தப் படலத்தில். வால்வை மெல்லத் திறந்து, அருகிலுள்ள குழாய்களின் வாயில் உள்ள சல்லடையான ஏரேட்டரைக் கழற்றி, தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே வார்டுக்குக் கொடுங்கள். ஷவரைத் திறந்துவிடும் ஆள் கிளம்பும் நீர்த்திவலையில் நிற்கக் கூடாது.

லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை, அதுவும் தேங்கிய நீரில் நன்றாக வளரும். அதனால் எடுத்துவிட்ட வாஷ்பேசினுக்குப் போன குழாயைச் சுவரோடு மூடி அடைத்துவிடாதீர்கள். மெயின் லைனில் பிரியும் டீ வடிவ இணைப்பு வரை போய் வெட்டி, அங்கே மூடுங்கள். வேலைக்காக மூடிக்கிடக்கும் பகுதியில் விட்டுவைத்த குழாய்களை வாரம் ஒருமுறையாவது ஓடவிட்டு, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தரை வடிகாலில் நீர் தேங்கி நிற்கும் வளைவான டிராப்பிலும் நீர் ஊற்றுங்கள்; வற்றினால் சாக்கடைக் காற்று நேரே ஏறும். திறப்பு நாளுக்கு முன் நீர் மாதிரி கொடுப்பதாக இருந்தால், லெஜியோனெல்லா வளர்ப்புச் சோதனை முடிவுக்கு 10 நாள் வரை ஆகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

புதுக் குழாய்க்குக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்வதற்கு முன் டயாலிசிஸ் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதில் வந்த பிறகே ஊற்ற வேண்டும். ஒரு டயாலிசிஸில் நூறு லிட்டருக்கு மேல் நீர் நோயாளியின் ரத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில் ஓடுகிறது. குளோரினும் குளோரமினும் அவர்களின் கார்பன் தொட்டி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டால் சிவப்பணுக்கள் உடையும்.

எங்காவது கசிந்து ஜிப்சம் போர்டு நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும். முடியாதென்றால் நனைந்த பகுதிக்கும் மேலே தள்ளி வெட்டி எடுத்துவிடுங்கள். வண்ணம் பூசி மறைத்தால் பூஞ்சைக்குக் கூரை போட்டுக் கொடுத்ததாகும்.

மின்சாரம்

டிபி எனும் மின் விநியோகப் பெட்டியின் கதவில் ஒட்டிய பட்டியல் எத்தனையோ மாற்றங்களுக்கு முந்தையது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். துளை போடுமுன் கேபிள் லொகேட்டரால் சுவரைத் தேடுங்கள். வெட்டுமுன் அந்த சர்க்யூட்டைச் சோதனைக் கருவியால் செத்துவிட்டது என்று உறுதி செய்யுங்கள். யுபிஎஸ் சாக்கெட்டில் கிரைண்டரையோ டிரில்லையோ போடக் கூடாது. அதே சர்க்யூட்டில் நோயாளிக்கு மருந்து செலுத்தும் ஒரு சிரிஞ்சு பம்ப் இருக்கலாம். கட்டுமானத்துக்கென 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கர் வைத்த தனி சப்ளை எடுங்கள்.

சப்ளையை நிறுத்தும் வேலை என்றால், மருத்துவ இடங்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60364-7-710 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் எல்லையை மனதில் வையுங்கள்: ஆபரேஷன் தியேட்டர் விளக்கு 0.5 நொடிக்குள்ளும், உயிர்காக்கும் மற்ற பல சுமைகள் 15 நொடிக்குள்ளும் திரும்ப வர வேண்டும். ஜெனரேட்டரை முந்தைய நாளே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். வென்டிலேட்டர்களின் பேட்டரி நிலையைப் படுக்கை படுக்கையாகக் கேளுங்கள். ரத்த வங்கியின் குளிர்பெட்டி, மருந்து ஃப்ரிட்ஜ், நர்ஸை அழைக்கும் மணி மூன்றும் பட்டியலில் விடுபடுவது வழக்கம்.

தீ

புகை உணரியைத் தூசி வேலை நேரத்தில் மட்டும் மூடுங்கள். ஷிஃப்ட் முடிவில் திறந்து, எண்ணிக்கை சொல்லிக் கையெழுத்திடுங்கள். காலையில் 8 மூடி போட்டால் மாலையில் 8 மூடி கையில் இருக்க வேண்டும். மூடியிருக்கும் நேரத்தில் ஓர் ஆள் சுற்றி வர வேண்டும்.

வெல்டிங், பிரேசிங், கிரைண்டிங் எல்லாவற்றுக்கும் தீ பர்மிட் வேண்டும். என்எஃப்பிஏ 51பி என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம் சொல்வது: எல்லாப் பக்கமும் 11 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எரியும் பொருளை அகற்று, முடியாததைப் போர்த்து, முடிந்த பிறகும் 1 மணி நேரம் காவல் இரு. மருத்துவமனையில் இதோடு ஆக்சிஜன் கசிவும் சேரும். காற்றில் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினால் துணியும் தலைமுடியும்கூட வேகமாகப் பற்றும். பிரேசிங் தொடங்குமுன் அளந்து பாருங்கள்.

நோயாளிகளைப் படுக்கையோடு அதே தளத்தின் அடுத்த தீப்பிரிவுக்கு (தீயும் புகையும் தாண்டாத சுவரால் பிரித்த பகுதி) தள்ளிச் செல்வதுதான் மருத்துவமனையின் வெளியேற்று முறை. ஆகவே அந்தப் பிரிப்புச் சுவரில் போட்ட துளையை அன்று மாலையே தீத்தடுப்பு சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும். வேலை முடியும்போது பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. உங்கள் தடுப்பு ஏதாவது வழியை அடைத்திருந்தால் புது வழியை இரவு ஷிஃப்ட் உட்பட எல்லாரையும் நடக்கவைத்துக் காட்டுங்கள்.

சத்தம், அதிர்வு, காந்தம், கதிர்

கான்க்ரீட்டைத் தட்டி உடைக்கும் பிரேக்கர் போட்டால் அதிர்வு தூண் வழியாக இரண்டு தளம் ஏறும். அங்கே மைக்ரோஸ்கோப்பின் கீழ் கண் அறுவை நடந்துகொண்டிருக்கலாம். தட்டாமல் அறுத்தெடுக்கும் டைமண்ட் கோர் கட்டிங், ஒயர் சா போன்றவற்றுக்கு மாறுங்கள். கோர் கட்டிங்கின் சேற்றுநீர் கீழ்த்தளத்தில் சொட்டும் என்பதால், துளைக்குக் கீழே ஆளும் தொட்டியும் வேண்டும். தியேட்டர் பட்டியலை முந்தைய மாலையே வாங்கி, சத்தமான வேலையை அதற்கேற்ப வையுங்கள். உடனே நிறுத்து என்று சொல்லும் உரிமையும் அதற்கான போன் எண்ணும் தியேட்டர் சிஸ்டரிடம் இருக்கட்டும். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. சாதாரணப் பேச்சே அதற்கு மேல்தான்.

எம்ஆர்ஐ அறையின் காந்தம் ஸ்கேன் இல்லாதபோதும், மின்சாரம் போனபோதும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். இரும்புக் கருவி எதுவும் எம்ஆர்ஐ பொறுப்பாளர் அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. எக்ஸ்ரே அறைச் சுவரின் போர்டுக்குப் பின்னால் ஈயத் தகடு இருக்கும்; அதில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் அதே தடிமன் ஈயத்தை ஓரம் மேலேறும்படி வைத்து அடைத்து, கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி அளந்து பார்க்க வேண்டும்.

திரும்பக் கொடுப்பது

தடுப்பு கடைசியாகத்தான் இறங்க வேண்டும். முதலில் உள்ளே முழுதாக ஹெபா வேக்குவம், பிறகு மேலிருந்து கீழாக ஈரத்துணி. காய்ந்த துடைப்பம் எங்கும் கூடாது. இயந்திரம் ஓடட்டும். புதிதாகத் தூசி கிளம்பாத அறையில் மணிக்கு 12 காற்று மாற்றம் இருந்தால், மிதக்கும் துகளில் 99.9 சதவீதம் போக 35 நிமிடம் ஆகும். 6 மாற்றம்தான் என்றால் 69 நிமிடம். அவ்வளவு நேரம் காத்திருந்து, படிந்ததை மறுபடி துடைத்து, பிறகே ஷீட்டைத் தண்ணீர் தெளித்து உட்புறமாகச் சுருட்டி எடுங்கள். வார்டு பக்கத்தையும் அதே நாளில் துடைக்க வேண்டும்.

அடைத்த கிரில்களைத் திறக்குமுன் டக்டின் உட்புறத்தைப் பாருங்கள். ஏஹெச்யூ வடிகட்டிகளை மாற்றுங்கள். ஆபரேஷன் தியேட்டராக இருந்தால், மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான ஆஷ்ரே 170 என்ற அமெரிக்கத் தரப்படி மணிக்குக் குறைந்தது 20 காற்று மாற்றமும், தாழ்வாரத்தைவிட 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தமும் அளந்து எழுதித் தர வேண்டும். ஹெபாவின் ஓரக் கசிவுச் சோதனையும் சேர்த்து. இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் கையெழுத்து போடாமல் ஒரு படுக்கையும் உள்ளே போகக் கூடாது.

சுவரையும் சீலிங்கையும் மூடுமுன், திறந்திருக்கும் நிலையில் ஒவ்வொரு சுவரையும் படமெடுங்கள். மூலையிலிருந்து டேப்பை விரித்து வைத்து, வால்வும் மூடிய முனையும் எத்தனை சென்டிமீட்டரில் இருக்கின்றன என்பது படத்திலேயே தெரிய வேண்டும். மறைந்துபோகும் வால்வுக்குத் திறப்புப் பலகை வைத்து, வெளியே அதன் எண்ணை ஒட்டுங்கள். படங்களை அறை எண் போட்டு, புதுப்பித்த வரைபடத்தோடு பராமரிப்புப் பிரிவில் ஒரு பிரதியும், வார்டின் வால்வுப் பட்டியலில் ஒரு பிரதியும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.